வண்டியில் அடிபட்ட நாய்க்குச் சட்டத்தில் என்ன இடம்?

2018இல் பெங்களூரில் ஒரு குடும்பத்தின் வளர்ப்பு நாய் காரில் அடிபட்டு இறந்தது. குடும்பத்தார் காவல் நிலையத்துக்குப் போனார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134, 187ஆம் பிரிவுகளும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 428, 429ஆம் பிரிவுகளும் காரோட்டி மீது பாய்ந்தன. நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 அக்டோபரில், கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி எம். நாகபிரசன்னா அந்த வழக்கை முழுவதுமாக ரத்து செய்தார். ஐந்து பிரிவுகளில் ஒன்றுகூட நிற்கவில்லை.

நாயை வளர்த்தவர்களுக்கு அது பேரிடியாக இருந்திருக்கும். ஆனால் தீர்ப்பின் வாதம் எளிமையானது. 279ஆம் பிரிவு பொதுச் சாலையில் மனித உயிருக்கு ஆபத்து நேரும்படி, அல்லது வேறொரு ‘நபருக்கு’க் காயம் உண்டாகும்படி வண்டி ஓட்டுவதைப் பற்றியது. நாய் அந்த ‘நபர்’ ஆகாது. 428, 429ஆம் பிரிவுகள் விலங்கைக் கொல்வதையும் ஊனப்படுத்துவதையும் தண்டிப்பவைதாம். ஆனாலும் அவை ‘சேதம் விளைவித்தல்’ என்ற குற்றத்தின் கிளைகள். சேதம் விளைவிக்கும் எண்ணமோ, சேதம் விளையும் என்ற தெளிந்த அறிவோ இருந்தால்தான் அந்தக் குற்றம் நிலைக்கும். காரோட்டிக்கு அந்த நாய் மீது என்ன பகை? எண்ணம் இல்லாத இடத்தில் குற்றமும் இல்லை என்றது நீதிமன்றம்.

இரண்டே மாதத்தில் பம்பாய் உயர் நீதிமன்றமும் இதே முடிவுக்கு வந்தது. 2020 ஏப்ரலில், ஊரடங்குக் காலத்தில், மும்பை மெரைன் டிரைவில் உணவு டெலிவரி செய்துகொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவரின் பைக் தெருநாய் மீது மோதியது. நாய் இறந்தது, மாணவரும் கீழே விழுந்து காயப்பட்டார். அந்தப் பகுதி நாய்களுக்கு உணவிட்டு வந்த ஒருவர் புகார் கொடுக்க, போலீஸ் மாணவர் மீது வழக்குப் போட்டது. நீதிபதிகள் ரேவதி மோஹிதே டேரே, பிரித்விராஜ் சவாண் அமர்வு 2022 டிசம்பரில் அதை ரத்து செய்தது. நாயையும் பூனையையும் வளர்ப்பவர்கள் தங்கள் பிள்ளையைப் போல நினைப்பது உண்மையே என்றாலும் உயிரியல்படி அவை மனிதர்கள் அல்ல என்று நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். அந்த மாணவருக்கு 20,000 ரூபாய் செலவுத்தொகை கொடுக்க அரசுக்கு உத்தரவிட்டு, வழக்கைப் பதிவுசெய்த அதிகாரிகளின் சம்பளத்திலிருந்து அதை வசூலிக்கவும் சொன்னார்கள்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பழைய சட்டத்தில் 428ஆம் பிரிவு பத்து ரூபாய் மதிப்புள்ள விலங்குக்கு ஒரு தண்டனையும், 429ஆம் பிரிவு ஐம்பது ரூபாய் மதிப்புள்ள விலங்குக்கு வேறொரு தண்டனையும் வைத்திருந்தன. புதிய 325ஆம் பிரிவு அந்த விலைக் கணக்கை எடுத்துவிட்டு, எந்த விலங்காக இருந்தாலும் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் ‘சேதம் விளைவித்தல்’ என்ற அடித்தளம் அப்படியே இருக்கிறது. வேண்டுமென்றே நாய் மீது வண்டியை ஏற்றுபவர் சிக்குவார். கவனமில்லாமல் ஏற்றியவர் சிக்க மாட்டார். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டமோ முதல் குற்றத்துக்கு விதிக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். அதுவும் கொடுமை செய்தவர்களுக்கு. கவனம் பிசகியவர்களுக்கு அல்ல.

தமிழர்களுக்கு இந்த இடத்தில் திருவாரூர் நினைவுக்கு வராமல் இருக்காது. பெரியபுராணம் சொல்லும் மனுநீதிச் சோழன் கதையில், இளவரசனின் தேர்ச்சக்கரத்துக்குள் கன்று திடீரென்று துள்ளிப் பாய்ந்து மடிகிறது. இளவரசன் அதைக் கண்டிருக்கவில்லை. அமைச்சர்கள் சாத்திரம் சொன்ன பிராயச்சித்தம் போதும் என்கிறார்கள். மன்னன் அதை மறுத்துத் தன் மகன் மீதே தேரை ஓட்டுகிறான். அந்த மன்னனின் சிலை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. இன்றைய சட்டத்தின் முன் அந்த இளவரசனைக் கொண்டுபோய் நிறுத்தினால் அவன் குற்றவாளி ஆக மாட்டான்: எண்ணம் இல்லை, அறிவும் இல்லை. அது சரியென்றே தோன்றுகிறது. தற்செயலாக நேர்ந்த விபத்துக்காக யாரையும் சிறையில் தள்ளுவது நீதியாகாது. கதைக்கும் நமக்கும் இன்னொரு வேறுபாடும் உண்டு. அங்கே ஆராய்ச்சி மணியை அடித்து வழக்காடியது பசுவேதான். இன்றைய இந்தியாவில் விலங்கு வழக்காட முடியாது. அதன் சொந்தக்காரர்தான் ஆட வேண்டும். நாயை இழந்தவர்கள் பலரும் கவனிக்கத் தவறுவது இங்கேதான் இருக்கிறது.

துக்கத்திலும் கோபத்திலும் அவர்கள் நேராகக் காவல் நிலையத்துக்குப் போகிறார்கள். ‘எஃப்.ஐ.ஆர். போடுங்கள், ஆளைப் பிடித்து உள்ளே வையுங்கள்’ என்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் அலைந்த பிறகு உயர் நீதிமன்றத்தில் வழக்கு விழுகிறது. இதற்குள் கால்நடை மருத்துவமனையில் கட்டிய பணம் கட்டியவரின் தலையிலேயே போய்விடுகிறது. சட்டம் பணத்தைப் பெற்றுத்தரும் வழி குற்றவியல் பக்கம் இல்லை. அது உரிமையியல் பக்கம் இருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 165ஆம் பிரிவு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களை அமைக்கிறது. மனிதர்களின் உயிரிழப்பு, காயம் ஆகியவற்றோடு, மூன்றாம் தரப்பினரின் சொத்துக்கு வண்டியால் நேர்ந்த சேதத்தையும் அந்தத் தீர்ப்பாயம் விசாரிக்கலாம். யார் மனு கொடுக்கலாம் என்று சொல்லும் 166ஆம் பிரிவு, காயமடைந்தவருக்கு அடுத்தபடியாகவே ‘சொத்தின் உரிமையாளர்’ என்று தனியாகக் குறிப்பிடுகிறது. சொத்துச் சேதம் 2,000 ரூபாய்க்கு மேல் போனால், தீர்ப்பாயத்துக்குப் பதிலாக உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும் விருப்பமும் மனுதாரருக்கு உண்டு. பிள்ளைபோல வளர்த்த நாயைச் ‘சொத்து’ என்று எழுதிக் கையெழுத்திடுவது யாருக்கும் கசப்பானதே. ஆனால் பெங்களூரிலும் மும்பையிலும் ‘நபர்’ என்ற தகுதி மறுக்கப்பட்ட பிறகு, வளர்த்தவருக்கு மிஞ்சியிருப்பது அந்தச் சொல்தான். அதைப் பயன்படுத்திக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பணம் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் அடித்தவரின் பையிலிருந்து அல்ல, அவருடைய தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸிலிருந்து. இந்தியாவில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் அது கட்டாயம். தனியார் காருக்கான வழக்கமான பாலிசியில், மூன்றாம் தரப்பினரின் சொத்துச் சேதத்துக்கு 7,50,000 ரூபாய் வரை பாதுகாப்பு இருக்கிறது. இருசக்கர வாகனத்துக்கு 1,00,000 ரூபாய். பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க அந்த வரம்பை 6,000 ரூபாய்க்குக் குறைத்துக்கொள்ளவும் வழி உண்டு. அப்படிக் குறைத்துக்கொண்டவர், 6,000க்கு மேற்பட்ட தொகையைத் தானே கொடுக்க வேண்டியிருக்கும். பாலிசி எடுக்கும்போது பலர் இந்த வரியைப் படிப்பதே இல்லை.

ஆனால் இது தானாகக் கிடைக்கும் பணம் அல்ல. மனிதர் இறந்தாலோ கொடுங்காயம் அடைந்தாலோ தவறு யாருடையது என்று பார்க்காமல் ஒரு தொகை தரும் ஏற்பாடு சட்டத்தில் இருக்கிறது. சொத்துச் சேதத்துக்கு அது கிடையாது. ஓட்டியவர் கவனக்குறைவாக இருந்தார் என்பதை மனுதாரர் நிரூபித்தாக வேண்டும். வண்டி எண், சிசிடிவி பதிவு, பார்த்தவர்களின் வாக்குமூலம், சாலையில் விழுந்த பிரேக் தடம், எக்ஸ்ரே, மருத்துவமனை ரசீதுகள் ஆகிய எல்லாம் வேண்டும். வழக்குப் பதிய மறுத்தாலும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தமிழ்நாட்டில் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது பின்னால் பெரிதும் உதவும். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும் என்ற திருத்தம் 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் நடந்தாலும், அதை நம்பிக் காலம் தாழ்த்துவது புத்திசாலித்தனம் ஆகாது. உரிமையியல் நீதிமன்றத்துக்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு.

கவனக்குறைவு என்பதில் வேகம் பெரிய சான்று. சென்னையில் 2023 நவம்பர் முதல் குடியிருப்புப் பகுதிகளில் எந்த வண்டிக்கும் மணிக்கு 30 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். கண் பார்த்து கால் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், உலர்ந்த சாலையில் ஏறத்தாழ 13 மீட்டரில் நின்றுவிடும். 50இல் வந்தால் 28 மீட்டர் வேண்டும். வீட்டு வாசலிலிருந்து குறுக்கே ஓடிவரும் நாய்க்கும், பந்தைத் துரத்தி வரும் குழந்தைக்கும் அந்த 15 மீட்டர்தான் வாழ்வா சாவா என்பதைத் தீர்மானிக்கிறது.

மறுபக்கக் கணக்கும் இருக்கிறது. சங்கிலி இல்லாமல் நாயைத் தெருவில் விட்டவர் இழப்பீடு கேட்டால், ‘உன் பங்குத் தவறு எவ்வளவு?’ என்று நீதிமன்றம் கேட்கும். அந்த அளவுக்குத் தொகை குறையும், சில வழக்குகளில் ஒன்றுமே கிடைக்காது. அதோடு முடிவதில்லை. நாய் குறுக்கே பாய்ந்து பைக்கில் வந்தவர் விழுந்து கைகால் முறிந்தால், நாயின் சொந்தக்காரரே எதிர்மனுதாரர் ஆவார். தன் விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராதபடி பார்த்துக்கொள்ளத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு. பம்பர் நசுங்கிய காரோட்டிக்கும் கணக்கு உண்டு. முழுக் காப்பீடு இருந்தால் செலவு கிடைக்கும். ஆனால் 1,500 சிசி வரையிலான காருக்கு முதல் 1,000 ரூபாயும், அதற்கு மேற்பட்ட காருக்கு முதல் 2,000 ரூபாயும் கைக்காசு. 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். அந்த இழப்பை நாயின் சொந்தக்காரரிடம் கேட்க அவருக்கும் உரிமை இருக்கிறது. வளர்ப்பவர்களுக்கு மாநகராட்சி உரிமம் வெறும் சம்பிரதாயமாகத் தோன்றலாம். விபத்து நடந்த நாளில், நாய் தங்களுடையது என்று காட்ட அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இனி, தொகை எவ்வளவு என்ற கேள்வி. ‘சொத்து’ என்ற சொல் வளர்ப்பவரைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். சொத்து சேதமானால் அதன் சந்தை விலைதான் பொதுவான அளவுகோல். விலை கொடுத்து வாங்கிய ராஜபாளையத்துக்கோ சிப்பிப்பாறைக்கோ ஒரு தொகை சொல்லிவிடலாம். தெருவிலிருந்து எடுத்து வந்து, எட்டு வருடம் சோறு போட்டு வளர்த்த நாய்க்கு என்ன விலை? சந்தையில் அதற்கு விலையே கிடையாது. ஆனால் உடைந்த தொடையெலும்புக்குத் தகடு வைக்கும் செலவு இரண்டு நாய்களுக்கும் ஒன்றுதான். தனியார் மருத்துவமனைகளில் அது பல ஆயிரங்களை விழுங்கும். பழைய வாளி உடைந்தால் ஒட்டவைக்கும் கூலி அதன் விலையைத் தாண்டும்போது தூக்கிப் போட்டுவிடலாம். உயிரை அப்படிச் செய்ய முடியாது.

ஜெர்மனி இந்தச் சிக்கலை 1990இலேயே தீர்த்துவிட்டது. அந்த ஆண்டு அந்நாட்டு உரிமையியல் சட்டத்தில் சேர்ந்த 90ஏ பிரிவு, விலங்குகள் பொருள்கள் அல்ல என்று அறிவித்தது. அதைவிடப் பயனுள்ளது அதே திருத்தம் 251ஆம் பிரிவில் சேர்த்த ஒரே வாக்கியம்: காயம்பட்ட விலங்கின் மருத்துவச் செலவு அதன் விலையை வெகுவாகத் தாண்டிவிட்டது என்பதற்காக மட்டும் அந்தச் செலவை அளவுக்கு மீறியது என்று தள்ளக் கூடாது. 2015இல் அந்நாட்டின் உச்ச உரிமையியல் நீதிமன்றத்துக்கு ஒரு கலப்பின நாயின் வழக்கு வந்தது. இன்னொரு நாய் கடித்துக் குதறியதில் அதற்கான சிகிச்சைக்கு 4,000 யூரோவுக்கு மேல் ஆகியிருந்தது. சந்தை விலை என்று சொல்ல ஒன்றுமில்லாத அந்த நாய்க்கு 3,000 யூரோ வரை தகுந்த செலவு என்று கீழ் நீதிமன்றம் சொன்னதை அந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வரம்பும் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. அதே நீதிமன்றம் 2012இல், தன் கண்ணெதிரே டிராக்டர் ஏறி லாப்ரடார் நாயை இழந்த ஒருவர் மன அதிர்ச்சிக்கு இழப்பீடு கேட்டபோது மறுத்துவிட்டது. அது நெருங்கிய உறவினரின் மரணத்துக்கு மட்டும் உரியது என்றது.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு சட்டம். டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2013இல், நாயின் மீதுள்ள பாசத்துக்கு விலை கேட்க முடியாது என்று 1891ஆம் ஆண்டின் தன் பழைய தீர்ப்பையே உறுதிசெய்தது. நியூயார்க்கின் புரூக்லினில் காற்று வேறு பக்கம் வீசியிருக்கிறது. 2023 ஜூலை 4 அன்று, ‘நிறுத்து’ பலகையை மதிக்காமல் வந்த கார் ஒன்று, கயிற்றில் பிடித்து நடத்திச் செல்லப்பட்ட டாக்ஸ்ஹண்ட் நாயைக் கொன்றது. நடத்திச் சென்ற பெண்ணும் காரின் பாதையிலேயே இருந்தார். 2025 ஜூனில் நீதிபதி ஏரன் மாஸ்லோ, இப்படிப்பட்ட சூழலில் அந்த நாயை உடனடிக் குடும்பத்தில் ஒருவராகக் கருதலாம் என்றும், அந்தப் பெண் தன் மனவேதனைக்கு இழப்பீடு கேட்கலாம் என்றும் சொன்னார். கயிற்றில் பிடித்திருந்தது, ஆபத்தின் எல்லைக்குள் அவரும் நின்றது ஆகிய இரண்டையும் வைத்தே அந்தத் தீர்ப்பு நிற்கிறது. அது கீழ்நிலை நீதிமன்றத்தின் தீர்ப்பு; மற்ற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது.

இந்தியாவுக்கு இவை எல்லாவற்றிலும் அவசரமாகத் தேவைப்படுவது பிரிட்டனிடம் இருக்கிறது. அங்கே 1930 முதல் ஒரு விதி: குதிரை, மாடு, கழுதை, கோவேறு கழுதை, ஆடு, செம்மறி, பன்றி, நாய் ஆகியவற்றில் ஒன்று வண்டியில் அடிபட்டால் ஓட்டுநர் நிறுத்தியாக வேண்டும், பெயரும் முகவரியும் தர வேண்டும், தர முடியாமல் போனால் 24 மணி நேரத்துக்குள் போலீசிடம் சொல்ல வேண்டும். 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் அது 170ஆம் பிரிவாக நீடிக்கிறது. பட்டியலில் பூனை இல்லாதது பெரிய குறை. என்றாலும், அடித்துவிட்டு ஓடுவதே குற்றம் என்று நாயைப் பெயர் சொல்லி ஒரு சட்டம் கூறுகிறது.

நிறுத்துவதில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைக்கலாம். வண்டியில் அடிபட்ட நாய் பல நேரங்களில் எழுந்து ஓடிவிடும். பார்ப்பவர்கள் பிழைத்துவிட்டது என்று நகர்ந்துவிடுவார்கள். உள்ளே உதரவிதானம் கிழிந்திருக்கலாம், சிறுநீர்ப்பை வெடித்திருக்கலாம், வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். சில மணி நேரத்தில் மூச்சுத் திணறித் தெருவோரம் செத்துக் கிடக்கும். அந்த முதல் மணி நேரத்தில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற ஓர் இடத்துக்குக் கொண்டுபோக யாராவது இருந்தால் பிழைக்கும் வாய்ப்பு உண்டு. அடித்தவரின் கையில்தான் அந்த நேரத்தில் ஒரு வண்டி இருக்கிறது.

இந்தியச் சட்டத்தின் 134ஆம் பிரிவும் விபத்துக்குப் பின் ஓட்டுநரின் கடமைகளைச் சொல்வதுதான். அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பது, 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிப்பது, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதுவது ஆகியவை அதில் உண்டு. மூன்றாம் தரப்பினரின் சொத்து சேதமடைந்தாலும் இந்தக் கடமைகள் எழும் என்றுதான் அந்தப் பிரிவு தொடங்குகிறது. வளர்ப்பு நாய் சொத்து என்றால் தகவல் சொல்லும் கடமை அங்கேயே இருக்கிறது என்று வாதிட இடமுண்டு. ஆனால் பெங்களூர்த் தீர்ப்பு அந்தப் பிரிவை மனிதர்களுக்கானதாகவே வாசித்தது. சொந்தக்காரர் இல்லாத தெருநாய்க்கோ இந்த வாதமும் பயன்படாது. அது யாருடைய சொத்தும் அல்ல. மும்பையில் இறந்தது அப்படிப்பட்ட நாய்தான்.

உயர்ந்த சொற்களுக்கு நம்மிடம் குறைவில்லை. உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமக்களின் கடமை என்று அரசமைப்பின் 51ஏ பிரிவு சொல்கிறது. ஜல்லிக்கட்டு வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் விலங்குகளுக்கும் கண்ணியமான வாழ்வு உண்டு என்றது. உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018இலும், பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் 2019இலும் விலங்குகளைச் சட்ட நபர்களாகவே அறிவித்தன. ஆனால் 2023இல் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு, விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்று சொல்ல முன்வரவில்லை. இந்தப் பிரகடனங்களில் எதுவும் பெங்களூரில் நாயை இழந்தவர்களுக்கு ஒரு ரூபாயைக்கூடப் பெற்றுத் தரவில்லை.

வேண்டியவை இரண்டே திருத்தங்கள். 134ஆம் பிரிவில் ‘அல்லது விலங்குக்குக் காயமோ மரணமோ நேர்ந்தாலும்’ என்ற சொற்கள் சேர வேண்டும். தெருநாய்க்கும் பூனைக்கும் மாட்டுக்கும் சேர்த்துத்தான். இழப்பீட்டுப் பிரிவில், தகுந்த மருத்துவச் செலவை விலங்கின் விலையோடு ஒப்பிட்டு மறுக்கக் கூடாது என்ற ஜெர்மானிய வாக்கியம் சேர வேண்டும். மோட்டார் வாகனங்கள் பொதுப் பட்டியலில் இருப்பதால், நாடாளுமன்றம் அசையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலமே திருத்தலாம். விலங்குவதைத் தடைச் சட்டத்தை ஜல்லிக்கட்டுக்காக 2017இல் சில நாள்களிலேயே திருத்தி, அந்த ஒப்புதலையும் பெற்றுக்காட்டியது தமிழ்நாடு. அதே சட்டமன்றத்தில், அடிபட்ட விலங்குக்காக வண்டியை நிறுத்தச் சொல்லும் ஒரு வரித் திருத்தத்தைக் கொண்டுவர ஓர் உறுப்பினர் முன்வர வேண்டும். நாய் வளர்ப்பவர்களும் வண்டி ஓட்டுபவர்களும் தங்கள் தொகுதி உறுப்பினரிடம் இதைக் கேட்க வேண்டும்.